காணாத கூட்டின் கடன்

மகாபாரதத்தின் வனபருவத்தில் ஒரு வல்லூறு அரசனோடு வழக்காடுகிறது. புறாவைக் காக்கத் தன் சதையை அறுத்துத் தராசில் வைத்த மன்னனின் கதை அது. அங்கே ஓரிடத்தில் அரசன் பெயர் உசீநரன், வேறிடங்களில் சிபி. சோழர்கள் அந்தக் குலத்தில் வந்தவர்கள் என்று புறநானூற்றுப் புலவர்கள் பாடினார்கள். பௌத்தர்கள் அதை ஜாதகக் கதையாக்கினார்கள். அஜந்தாவின் முதல் குகையில் அது ஓவியமாக இருக்கிறது. இத்தனை பேர் சொல்லியும் கதையில் ஒரு பகுதியை மட்டும் எல்லோரும் விரைந்து கடந்துவிடுகிறோம். அது வல்லூறின் வாதம். அடைக்கலம் கொடுத்தது அறம்தான், ஆனால் என் இரையைப் பறித்தாய்; நான் பசியில் சாவேன்; நான் செத்தால் கூட்டில் இருக்கும் என் துணையும் குஞ்சுகளும் சாகும்; ஓர் உயிரைக் காத்துப் பல உயிரைப் போக்குகிறாய் என்பது அதன் கணக்கு. அந்தக் கூடு அரசவையில் இல்லை. அரசன் அதைக் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. அது தன் நாட்டு எல்லைக்குள் இருக்கிறதா என்றுகூட அவன் கேட்கவில்லை. கணக்கைச் சரியென்று ஏற்றுக்கொண்டு, ஈடு என்ன என்று மட்டும் கேட்டான். வல்லூறு வடிவில் வந்தது இந்திரன், எல்லாம் சோதனை என்று கதை பின்னால் சொல்கிறது. அதனால் வாதம் பொய்யாகிவிடாது. ஓர் அரசனின் அறத்தைச் சோதிக்க, மறுக்கமுடியாத வழக்கைத்தானே தெய்வம் தேர்ந்தெடுத்திருக்கும்?

காணாத கூட்டுக்கு நாம் கடன்பட்டவர்களா என்பதுதான் அந்த வழக்கின் உள்ளே இருக்கும் கேள்வி. தேனி மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஐப்பசி முதல் பங்குனி வரை அது நடைமுறைக் கேள்வியாகவே இருக்கிறது. மேற்கே கேரள எல்லை மலைகளும் கிழக்கே மேகமலையும் அணைகட்ட, கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை நீளும் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. இரண்டாம் போகம் வயலில் நிற்கும் மாதங்களும் வடக்கிலிருந்து வேட்டைப்பறவைகள் தென்னகத்தில் தங்கும் மாதங்களும் ஒன்றே. நீர் நிற்கும் வயலுக்கும் கண்மாய்க்கும் சேற்றுப் பூனைப்பருந்து வருகிறது. அதன் உறவினர்களான வெளிறிய பூனைப்பருந்தும் மோன்டேகு பூனைப்பருந்தும் தென் தமிழகத்தின் மானாவாரிக் காடுகளையும் புல்தரைகளையும் நாடுகின்றன. இறக்கையைச் சற்றே மேல்நோக்கி விரித்து, பயிரின் தலையை உரசுவதுபோலத் தாழப் பறந்து, வெட்டுக்கிளி, எலி, சிறு பறவை என்று தேடிப் பிடிக்கும். இரவில் மரம் ஏறாமல் தரையிலேயே, உயர்ந்த புல்லுக்குள் கூட்டமாக அடையும். கூடு கட்டுவதும் தரையில்தான், ஆனால் இங்கே இல்லை. கசகஸ்தானிலும் தென் ரஷ்யாவிலும் விரிந்த ஸ்தெப்பிப் புல்வெளியில். வடக்குக் கசகஸ்தானுக்கும் தேனிக்கும் நேர்க்கோட்டிலேயே 4,500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

எந்தக் கூட்டில் பிறந்த பறவை எந்த வயலில் பனிக்காலம் கழிக்கிறது என்பதைச் சொல்ல மனிதனுக்கு வெகுகாலம் வழி இல்லை. 1822-இல் ஜெர்மனியில் சுடப்பட்ட ஒரு நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தி நின்றது. ஐரோப்பாவில் காணாமல்போகும் பறவைகள் எங்கே போகின்றன என்பதற்கு அது கைக்குக் கிடைத்த சான்று. 1899-இல் டென்மார்க்கின் மார்ட்டென்சன் எண் பொறித்த அலுமினிய வளையங்களைப் பறவைக் கால்களில் மாட்டத் தொடங்கினார். இன்று சில கிராம் எடையுள்ள, வெயிலில் மின்னேறும் கருவி செயற்கைக்கோள் வழியே பறவையின் இருப்பிடத்தைச் சொல்கிறது. இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அது எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது. கண்டத்தின் உட்பகுதிக்குள் போகப்போக, வடக்கே ஏறஏற, மழைநீரில் கன ஹைட்ரஜனின் பங்கு பொதுவாகக் குறைகிறது. அந்த மழையில் புல் வளர்கிறது. புல்லை எலியும் வெட்டுக்கிளியும் தின்கின்றன. அவற்றைத் தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுகிறது. இறகு முழுதாக வளர்ந்த பின் அதற்குள் ரத்தம் ஓடுவதில்லை. ஆகவே பிறந்த மண்ணில் பெய்த மழையின் அடையாளம், அந்த இறகு உதிரும் வரை அதில் மாறாமல் இருக்கிறது. மார்கழியில் தென் தமிழகத்தில் கிடைக்கும் இளம் பூனைப்பருந்தின் ஓர் இறகை ஆய்வுக்கூடத்தில் வைத்தால், அது எந்த மழைப் பகுதியில் முளைத்தது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம்.

இது அறிவுக்கு விருந்து, அறத்துக்கு என்ன என்று கேட்கலாம். அதற்கு வட அமெரிக்காவின் ஸ்வைன்சன் பருந்து பதில் சொல்லும். அது மேற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் கூடு கட்டும். சில இடங்களில் அதன் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. கூடுகள் நன்றாக இருந்தன, குஞ்சுகள் பறந்தன. போனவற்றில் பல திரும்பவில்லை. 1990-களின் நடுவில் வடக்குக் கலிபோர்னியாவில் சில பறவைகளுக்குக் கருவி பொருத்தி அவற்றின் பின்னாலேயே போன ஆய்வாளர்கள் அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியை அடைந்தார்கள். அங்கே சூரியகாந்தி, குதிரைமசால் வயல்களில் வெட்டுக்கிளியை ஒழிக்க மோனோகுரோட்டோபாஸ் அடித்திருந்தார்கள். வெட்டுக்கிளியே உணவான பருந்துகள் வயலோரங்களிலும் அடையும் மரங்களின் கீழும் செத்துக் கிடந்தன. 1995-96 பருவத்தில் மட்டும் சுமார் 5,000 பறவைகளின் சாவு பதிவானது. உண்மையில் இறந்தவை அதைப்போலப் பல மடங்கு என்று மதிப்பிட்டார்கள். மருந்தடித்த உழவருக்குப் பருந்தின் மேல் பகை இல்லை. சொல்லப்போனால் வெட்டுக்கிளி தின்னும் பறவை என்று அவர் அதை விரும்பியவர். தான் கொல்வது கலிபோர்னியாவில் ஒரு கூட்டை என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்த பிறகு அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனமும் அரசும் ஆய்வாளர்களும் சேர்ந்து அதன் பயன்பாட்டை அங்கே விலக்கினார்கள். பெருங்கூட்டமாகப் பறவைகள் சாவது நின்றது. பருந்தின் சாவுக்குக் காரணம் கூட்டுப் பக்கத்திலும் இல்லை, வானத்திலும் இல்லை, வயலில் இருந்தது. கூட்டையும் வயலையும் ஒரே கணக்கில் எழுதாதவரை அந்தக் காரணம் கண்ணில் படவே இல்லை.

ஆக, பிறக்கும் இடத்தையும் பனிக்காலம் கழிக்கும் இடத்தையும் இணைத்துப் பார்க்கும் அறிவியல் அறத்துக்குப் புதிதாக ஒன்றைத் தருகிறது. அது கருணை இல்லை. கருணை நம்மிடம் முன்பே இருந்தது. எல்லா உயிரிடத்தும் அன்பு செய் என்று எந்தச் சமயமும் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் எல்லா உயிருக்கும் பட்ட கடன், குறிப்பாக யாருக்கும் கட்டவேண்டாத கடனாகிவிடுவதுண்டு. இணைப்பு தெரியவரும்போது கடன் கொடுத்தவரின் முகவரி கிடைக்கிறது. என் வாதம் இதுதான்: கடமை தூரத்தைப் பார்த்து வருவதில்லை, சார்பைப் பார்த்து வருகிறது. ஓர் உயிரின் வாழ்வு என் செயலைச் சார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த உயிர் எங்கே வீடு கட்டியிருக்கிறது என்பது என்னை விடுவிக்காது. கம்பம் பள்ளத்தாக்கு இதைப் பிறர் சொல்லிக் கேட்கவேண்டிய ஊரும் இல்லை. சின்னமனூர் பக்கத்துக் குச்சனூரில் சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் காகத்துக்குச் சோறு வைக்கிறார்கள்; அமாவாசை தோறும் வீட்டுக் கூரையில் வைப்பது முன்னோருக்காக. கண்முன் இருக்கும் பறவை வழியே கண்ணுக்கு எட்டாதவர்க்குக் கடன் தீர்ப்பது இங்கே வழக்கமான வழிபாடு. அதே பள்ளத்தாக்கில் ஜனவரி 15 அன்று, பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், லோயர் கேம்ப்பில் 2013 முதல் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த பெரியாற்றை 1895-இல் அணைகட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் விளையும் ஊர்கள் இவை. தங்கள் சோறு தாங்கள் பார்க்காத காட்டில் பெய்யும் மழையிலிருந்து வருகிறது என்பதை அறிந்து, அந்த அறிவை நன்றியாக மாற்றியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தொலைவில் பெய்த மழையை இறகில் சுமந்து வரும் பறவையின் வழக்கைக் கேட்க இதைவிடத் தகுந்த அவை வேறெங்கே உண்டு?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு அறிவியலிலிருந்தே வருகிறது. ஸ்வைன்சன் பருந்தின் கதை எளிது. பெரும்பகுதிப் பறவைகள் ஒரே சமவெளியில் கூடுகின்றன. பூனைப்பருந்து அப்படியில்லை. கசகஸ்தானில் ஒரே பகுதியில் கூடு கட்டும் வெளிறிய பூனைப்பருந்துகளில் சில கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் சில இந்தியாவுக்கும் பிரிந்து போவதைச் செயற்கைக்கோள் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரே கூட்டத்தின் பறவைகள் இப்படி இரண்டு கண்டங்களுக்குச் சிதறினால், தேனியில் ஒரு புல்தரை அழிவதன் விளைவு எந்தக் கூட்டில் தெரியும்? ஆயிரம் இடங்களில் ஒவ்வொரு துளியாகப் பரவி, எங்கும் தெரியாமல் போய்விடுமே. தெரியாத விளைவுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை, ஏனென்றால் நம் காலத்துத் தீங்குகளில் பெரும்பாலானவை இந்த வடிவில்தான் நடக்கின்றன: பலர் சேர்ந்து செய்து, பலர்மேல் பரவி, ஒருவர் கையிலும் கறை தெரியாமல். ஆனால் பரவிய சாவு குறைந்த சாவு ஆகாது. நூறு பறவை ஓரிடத்துக் கூடுகளுக்குத் திரும்பாமல் போனாலும், நூறு இடங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பாமல் போனாலும், போனது நூறுதான். குறைவது இழப்பைக் கவனிக்கும் வாய்ப்பு மட்டுமே. குடிமராமத்தில் ஒரு வீட்டார் மண் சுமக்க வராவிட்டால் அந்த ஆண்டே கண்மாய்க் கரை உடைந்துவிடாது. அதற்காக அந்த வீட்டாருக்குப் பங்கு இல்லை என்று எந்த ஊரும் சொன்னதில்லை. இன்னொன்றையும் மறுப்பாளர் பார்க்கவேண்டும். ஒரு கூட்டத்துப் பறவைகள் பல இடங்களுக்குச் சிதறுகின்றன என்றால், ஒரு புல்தரையில் பல தேசத்துக் கூட்டங்களின் பறவைகள் ஒன்றாக அடையவும் கூடும். குஜராத்தின் வேளாவதரில் 1990-களில் ஒரே மாலையில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட பூனைப்பருந்துகள் வந்து அடைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தகைய ஒரு நிலத்தை உழுதுவிட்டால் எத்தனை கூடுகளில் கைவைக்கிறோம் என்று எண்ணமுடியாது. ஆந்திரத்தின் ரோல்லபாடு முதலான பழைய அடைவிடங்களில் அவற்றின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்ததை பெங்களூரின் ஏட்ரீ நிறுவன ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். சிதறல் கடனைக் கரைப்பதில்லை. கடன் கொடுத்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

அடுத்த மறுப்பு பழையது, சமயத்துக்கு உள்ளிருந்தே எழுவது. வேட்டைப்பறவை கொலைத்தொழில் செய்வது. புறாவுக்கு இரங்கலாம், வல்லூறுக்கு எதற்கு? இதைக் கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட சமணர்களிடம் வைத்துப் பார்ப்பதே நேர்மை, அவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள்தான். உத்தமபாளையத்துப் பாறையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அந்தச் சமயம் இந்தக் கேள்வியோடு இன்றும் போராடுகிறது. டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பரர் கோயில் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனை பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்துவருகிறது. பெரும் தொண்டு அது. ஆனால் ஊன் உண்ணும் பறவைகளை மற்றவற்றோடு அங்கே தங்கவைப்பதில்லை என்பது நெடுநாள் நடைமுறை. காயத்துக்குக் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார்கள். அப்படித் தங்க இடமில்லாத பருந்துகளுக்காகத்தான் நதீம் ஷெஹ்சாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் தங்கள் வீட்டிலேயே மருத்துவம் தொடங்கினார்கள்; 2022-இல் ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் அவர்களை உலகுக்குத் தெரியவைத்தது. பருந்துக்கு இறைச்சி இடுவதைப் புண்ணியமாகக் கருதும் இஸ்லாமிய வழக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரே நகரம், ஒரே பறவை, இரண்டு கருணைகள். இரண்டையும் மதிக்கிறேன், என்றாலும் இந்தக் கேள்வியில் சகோதரர்களின் பக்கமே நியாயம் இருக்கிறது. உதவி என்பது ஒழுக்கத்துக்குத் தரும் பரிசு என்றால்தான் பருந்தின் உணவுப் பழக்கத்தை விசாரிக்கவேண்டும். இங்கே பேசுவது கடனை. கடன் கொடுத்தவர் நல்லவரா என்பது கடனைத் தீர்ப்பதற்கு நிபந்தனை ஆகாது. சமண நூலான தத்துவார்த்த சூத்திரமே ஹிம்சையை உயிர் போவதோடு மட்டும் பொருத்தி வரையறுக்கவில்லை; கவனமின்மையால் உயிர் போக்குவது என்கிறது. பசித்த வல்லூறு புறாவை அடிப்பதில் கவனமின்மை எங்கே இருக்கிறது? எந்தப் பூச்சி, எந்தப் பறவை, எந்தக் கூடு என்று அறியும் வழி இருந்தும் அறியாமல் மருந்தடிப்பதில்தான் அது இருக்கிறது. இணைப்பு தெரியாத காலத்தில் அறியாமையாக இருந்தது, தெரிந்த பின் கவனமின்மையாகிறது.

இதை உழவரின் தலையில் கட்டிவிட்டு எழுதுகிறவர் நிம்மதியாகத் தூங்குவதா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கோபம் நியாயமானது. சுருளிப்பட்டியிலோ கூடலூரிலோ பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குக் கடன் வாங்கியவர், ஒரு மழையில் செவட்டை நோய் வந்தால் அந்த அறுப்பையே இழப்பவர். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் மட்டும் கடன்காரர் வாசலுக்கு வராமல் இருக்கமாட்டார். அந்த உழவரிடம் போய்க் கசகஸ்தானத்துக் குஞ்சைப் பற்றிப் பேசுவது அறமாகாது என்பது சரியே, பேச்சு அவரோடு மட்டும் நின்றால். ஆனால் பறவையைக் கொல்லும் மருந்து அதை முதுகில் சுமந்து அடிப்பவரையும் விட்டுவைப்பதில்லை. அர்ஜென்டினாவில் பருந்தைக் கொன்ற அதே மோனோகுரோட்டோபாஸ் 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது. இந்தியாவில் 2005-இலேயே காய்கறிக்கு விலக்கப்பட்ட மருந்து அது. ஆனாலும் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தது. பரவலாக விற்ற அதன் 36 சதவீதக் கரைசலை நிறுத்த ஒன்றிய அரசின் ஆணை வர 2023 ஆனது. அர்ஜென்டினாப் பருந்துகளுக்கும் நமக்கும் நடுவே ஏறத்தாழ கால் நூற்றாண்டு. இந்தத் தாமதத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் உழவர் இல்லை. கடன் எல்லோருக்கும் பொது என்றாலும் சுமை தாங்கும் தோள்கள் ஒரே வலிமை உள்ளவை அல்ல. அனுமதி தருபவர், தயாரிப்பவர், விற்பவர், பளபளக்கும் பழம் மட்டுமே வேண்டும் என்று நகரத்தில் கேட்பவர் என்று அது மேலிருந்து கீழே வரவேண்டும். ஏழைகள் கூடுகளுக்காக எதையும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் தவறு. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் 2012-இல் மீன்வலை விரித்து அமூர் வல்லூறுகளைப் பிடித்து விற்றார்கள். ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டே பங்தி முதலான ஊர்கள் வலைகளைச் சுருட்டின. ஊர்ச்சபை கட்டுப்பாடு விதித்தது, தேவாலயங்களில் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கருவி பொருத்திய மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பங்தி என்று பெயரிட்டார்கள். தங்கள் ஊர்ப் பெயர் தாங்கிய பறவை அரபிக்கடலை நிற்காமல் கடந்து ஆப்பிரிக்கா போய், கிழக்காசியக் கூடு பார்த்துத் திரும்பி வந்ததை அந்த ஊரார் செய்தியாகக் கேட்டார்கள். வருமானம் இழந்தவர்களுக்கு ஈடு முழுதாகக் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்தது பெரிது என்பதால்தான் அந்த எடுத்துக்காட்டுக்கு எடை.

பறவை கூடு கட்டும் மறுமுனை தன் கடமையைச் செய்யாதபோது நாம் மட்டும் ஏன் செய்யவேண்டும் என்பது இன்னொரு கேள்வி. சோவியத் ஆட்சி 1954-இல் கன்னிநில இயக்கம் என்று தொடங்கி ஸ்தெப்பியைப் பெரும்பரப்பில் உழுதது. தரையில் கூடு கட்டும் பறவைகள் இடமிழந்தன. 1991-க்குப் பின் பல வயல்கள் கைவிடப்பட்டுப் புல் திரும்பியது. யாரும் பருந்தை நினைத்து உழவும் இல்லை, விடவும் இல்லை. அங்கே நடப்பது நம் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் கைம்மாறு கருதிச் செய்வது வணிகம் என்பதை நம் மரபு நெடுங்காலமாகவே சொல்லிவருகிறது. இதில் கம்பம் பள்ளத்தாக்கு தன்னையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். பெரியாற்று நீரால் வாழும் இந்தப் பக்கத்தின் நன்றி பென்னிகுக்கைச் சேர்கிறது, அது நல்லது. அதே அணைக்குக் கீழே இடுக்கியில் மழைக்கால இரவுகளில் அஞ்சி விழித்திருக்கும் குடும்பங்களும் அந்த நீரின் மறுமுனைதான். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்குள்ள உழவரின் உரிமை அதில் உறுதியானது, அது நியாயமும்கூட. தீர்ப்பு உரிமையைத் தீர்க்கும். அச்சத்தில் இருப்பவரை நினைத்துப் பார்ப்பது தீர்ப்புக்குப் பிறகும் மிஞ்சும் கடமை. இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணும் பழக்கம் மனிதருக்குள் வராத இடத்தில் பறவைக்கு மட்டும் வந்துவிடாது.

இணைப்பைக் கண்டறிவதே ஒரு ஹிம்சை இல்லையா என்ற கேள்வியும் எழும். வலையில் பிடிப்பது, மார்பில் பட்டை கட்டிக் கருவி ஏற்றுவது, அதைச் சுமந்து பறவை மலையும் கடலும் தாண்டுவது: சிறு துன்பம் என்று நாம் சொல்லலாம், பறவையைக் கேட்கமுடியாது. உடல் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் கருவியின் எடை போகக்கூடாது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் தமக்கே விதித்துக்கொண்ட வரம்பு; முந்நூறு கிராம் பூனைப்பருந்துக்கு அது ஒன்பது கிராம். இறகிலிருந்தும் மரபணுவிலிருந்தும் கிடைக்கும் சான்று இன்னும் மென்மையானது, அதை முதலில் நாடவேண்டும். என் எண்ணத்தில் இந்தத் துன்பத்தை நியாயப்படுத்துவது ஒன்றே: கிடைத்த அறிவின்மேல் செயல்படுவது. வரைபடத்தில் ஒரு கோடு சேர்ந்ததோடு எல்லாம் முடிந்தால், அந்தப் பறவை சுமந்தது வீண்சுமை.

செயல் என்று வரும்போது ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. வலசை செல்லும் வேட்டைப்பறவைகளுக்கான புரிந்துணர்வு 2008-இல் அபுதாபியில் உருவானது. இந்தியா 2016-இல் கையெழுத்திட்டது. 2020 பிப்ரவரியில் காந்திநகரில் வலசை உயிரினங்களுக்கான உலக மாநாட்டை இந்தியா நடத்தியபோது அதன் சின்னத்தைத் தென்னாட்டுக் கோலத்தின் வடிவில் வரைந்தார்கள்; அங்கே விருந்தினரை வரவேற்கும் மொழி நிறையப் பேசப்பட்டது. விருந்தோம்பல் பெரிய அறம்தான், ஆனால் இங்கே அது போதாது. விருந்தினர் சில நாள் தங்கிப் போகிறவர். விருந்து வைப்பது வீட்டுக்காரரின் பெருமை, வைக்காவிட்டால் குறை, அவ்வளவே. பூனைப்பருந்து ஆண்டில் ஏறக்குறைய பாதியை இந்த மண்ணில் கழிக்கிறது; இதன் வெட்டுக்கிளியை உண்டு சேர்த்த வலுவில்தான் திரும்பிப் போய் முட்டையிடுகிறது. அதற்கு இங்கே இருப்பது விருந்தாளியின் சலுகை இல்லை, குடியின் உரிமை. அந்த உரிமைக்கு அரசுப் பதிவில் இடம் இல்லாததுதான் சிக்கல். அது அடையும் நிலத்தின் பெயர் வருவாய்க் கணக்கில் தரிசு, அல்லது புறம்போக்கு. பயனில்லாதது என்று பொருள்படும் வகைப்பாட்டில் விழுந்த நிலம் எந்தத் திட்டத்துக்கும் முதலில் கைமாறும். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பற்றியும் அவசரத் தீர்ப்பு வேண்டாம். கம்பம் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வேகமெடுக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வலசைப் பறவைகள் இங்கே இருப்பதில்லை. இறக்கை சுழல்வதைவிட, அதற்குப் போடும் சாலையும் மின்கம்பியும், உழப்படாமல் நின்ற புல்லை எடுத்துவிடுவதுமே பெரிய கேள்வியாக இருக்கக்கூடும். அதைக் கண்டுசொல்ல முதலில் தேவைப்படுவது சிறிய வேலை: கார்த்திகை, மார்கழி மாலைகளில் எந்தெந்தப் புலங்களில் பறவைகள் அடைகின்றன என்று பார்த்து, புல எண்ணோடு எழுதி, கிராமக் கணக்கில் ஏற்றுவது. மேய்ச்சலுக்கு உரிய நிலம் என்று எழுதிய கணக்கு அது, மயானம் என்றும் நீர்வழி என்றும் எழுதிய கணக்கு. பறவை அடையும் புலம் என்று இன்னொரு குறிப்புக்கும் அதில் இடம் உண்டு.